பெரிய கோயிலைத் தாண்டினால் இன்னொரு தஞ்சாவூர்

ரகசியச் சுரங்கம் தேடுகிறவர்களுக்குக் கிடைத்தது தண்ணீர் ஓடிய வழி. ஒரு நகரத்தின் மறைவான இடங்களை ஏன் தேட வேண்டும், தேடிக் கண்டபின் என்ன செய்ய வேண்டும்?

சனிக்கிழமை காலை. பெரிய கோயில் எதிரே சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல், நந்தி, விமானம் என்று கூட்டம் வரிசையாக நகர்கிறது. வழிகாட்டிகள் மூன்று மொழிகளில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அரண்மனையைப் பார்த்துவிட்டு, தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். அதே வேளையில், கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், மேல வீதியை ஒட்டிய அய்யன்குளத்தின் கரையில் அக்கம்பக்கத்தார் நடைப்பயிற்சி முடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்தில் வந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் எந்த ஊரைப் பற்றியும் 'யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்' என்று ஒரு காணொளி வந்து நிற்கிறது. தஞ்சாவூருக்கும் அப்படிப் பல உண்டு. அவற்றில் தவறாமல் இடம்பெறுவது ரகசியச் சுரங்கம். பெரிய கோயிலிலிருந்து அரண்மனைக்கு, அங்கிருந்து பழையாறைக்கு, இன்னும் துணிந்தவர்கள் சொன்னால் திருச்சிக்கே சுரங்கம் போகிறது. இந்த ஆர்வத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. தான் வாழும் ஊருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு இருக்கிறது என்ற உணர்வு நல்ல உணர்வு. அது தேடிப்போகும் திசையில்தான் பிழை இருக்கிறது. தஞ்சாவூரின் மறைவான இடங்கள் தொலைந்துபோனவையல்ல. ஒரு காலத்தில் ஊருக்கு அன்றாடம் வேலை செய்தவை. வேலை நின்றதும் பார்வையிலிருந்து விலகியவை. ஆகவே அவற்றைக் கண்டுபிடிப்பது என்பது படம் எடுப்பதோடு முடிகிற காரியமல்ல. முடிந்தவற்றுக்கு மீண்டும் வேலை கொடுப்பதும், முடியாதவற்றை எதற்காகக் காக்கிறோம் என்று தெரிந்து காப்பதும்தான் கண்டுபிடிப்பின் முழுப் பொருள். இதற்குச் சான்று நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது.

சுரங்கம் இருந்தது, அதில் ஓடியது தண்ணீர்

தஞ்சாவூர் நிற்கும் இடத்தைக் கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். வடக்கே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று திருவையாறு வரைக்கும் ஆறுகளும் வயல்களும். தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு. மேட்டு நிலமும் வண்டல் நிலமும் சந்திக்கும் விளிம்பில் ஊர் அமைந்திருக்கிறது. வெண்ணாறு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், அதன் தண்ணீர் தானாக மேடேறிக் கோட்டைக்குள் வராது. கோட்டைக்குள் வாழ்ந்தவர்களின் குடிநீருக்கு மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரே வழி. 16ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிவைத்த செவ்வப்ப நாயக்கரின் பெயரால் வழங்கும் செவ்வப்ப நாயக்கன் ஏரி அந்த மழைநீரைப் பிடித்து வைத்தது. அங்கிருந்து நிலத்தடி வழியாகப் பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்துக்கும், அதிலிருந்து மீண்டும் நிலத்தடியாகவே அய்யன்குளம் முதலிய ஊர்க்குளங்களுக்கும் நீர் போனது. இந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்று தஞ்சையில் இன்றும் சொல்கிறார்கள். நிலத்தின் சரிவைத் தவிர வேறு எந்த விசையும் இதற்குத் தேவைப்படவில்லை.

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் 2016இல் தஞ்சாவூர் சேர்க்கப்பட்டது. அந்தப் பணிகளில் அய்யன்குளம் தூர்வாரப்பட்டபோது, மண்ணுக்கடியில் போன பழைய நீர்வழி வெளிப்பட்டது. ஊரே பேசிய சுரங்கம் உண்மையில் இதுதான். அரசர்கள் தப்பி ஓடும் பாதையைக் கற்பனை செய்துகொண்டிருந்த தலைமுறைக்கு, தங்கள் பாட்டன் பூட்டன் குடித்த நீர் வந்த பாதை கண்முன் திறந்தது. குப்பைமேடாகிக் கிடந்த குளம் சுத்தமானது. கரையில் நடைபாதை வந்தது. ஊர் மக்கள் திரும்பி வந்தார்கள். சாமந்தான் குளமும் இதே வழியில் சீரமைக்கப்பட்டது.

இதன் விளைவு அழகு மட்டுமல்ல. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. அந்த நீர் போய்ச்சேர இடம் இல்லையென்றால் தெருவில் நிற்கும். இடம் இருந்தால் பங்குனி, சித்திரையில் கிணற்றில் நிற்கும். ஆனால் குளம் ஒரு கண்ணிதான். ஏரிக்கு நீர் வரும் மேட்டுநிலம், ஏரி, நிலத்தடி வழி, குளம், மிச்சநீர் வெளியேறும் வடிகால் என்று முழுச் சங்கிலியும் சேர்ந்தால்தான் அது நீர் அமைப்பு. செவ்வப்ப நாயக்கன் ஏரிப் பகுதி இன்று வீடுகள் நெருங்கிய பகுதி. குளத்துக்குக் கிடைத்த கவனம் அதன் தாயான ஏரிக்குக் கிடைக்கவில்லை. தனித்தனி இடங்களாகப் பட்டியலிட்டுப் பார்க்கும் பழக்கத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. பட்டியல் குளத்தைக் காட்டும். குளத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

பெட்டிச் செய்தி: நீர் நடந்த பாதை

• தென்மேற்கு மேட்டு நிலம்: மழைநீர் திரளும் இடம்.
• செவ்வப்ப நாயக்கன் ஏரி: திரண்ட நீரைத் தேக்கி, கலங்கல் படியவிடும் இடம்.
• சிவகங்கைக் குளம்: சிறிய கோட்டைக்குள், பெரிய கோயிலை அடுத்து.
• அய்யன்குளம்: மேல வீதிப் பகுதி. சிவகங்கைக் குளத்திலிருந்து நிலத்தடி வழி.
• அகழி: கோட்டையைச் சுற்றி. பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல் மழைநீர் ஒதுங்கவும் பயன்பட்டது.
• புது ஆறு: கல்லணைக் கால்வாயை ஊரார் அழைக்கும் பெயர். மேட்டூர் அணை முடிந்த 1934இல் பாசனத்துக்கு வந்தது. நகரத்தின் ஊடே, பெரிய கோயிலுக்கு அருகே ஓடுகிறது.

மேல வீதி என்ற இசைத் தெரு

நீரைப் போலவே இசைக்கும் தஞ்சையில் ஒரு மறைவழி உண்டு. கோட்டைக்குள் இருக்கும் நான்கு ராஜ வீதிகளில் மேல வீதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். காஞ்சியிலிருந்து வந்த பங்காரு காமாட்சி இங்கே குடிகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பூசை செய்த குடும்பத்தில் வந்தவர் சியாமா சாஸ்திரி. அவர் வாழ்ந்த வீடும் இதே தெரு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வீடும் இங்கேதான். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதநாட்டியக் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள். இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ ஒரு சிறுமி அரங்கேற்றம் செய்தால், அந்த நிகழ்ச்சியின் வரிசை இந்தத் தெருவில் உருவானது. தெருவின் வடகோடியில், வடக்கு வீதி சேரும் மூலையில், மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் எழுப்பிய மூலை அனுமார் கோயில். பேருந்தில் வருகிற பயணிக்கு மேல வீதி என்பது அரண்மனைக்குப் போகும் வழியில் கடந்துபோகும் போக்குவரத்து நெரிசல்.

இந்த மறதி இயல்பாக வந்ததல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் தன் கலைஞர்களின் முகவரியைக் கல்லில் வெட்டி வைத்தது. பெரிய கோயில் கல்வெட்டில், சோழ மண்டலத்துத் தளிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பது வரை குறிக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடுகிறவர், பாடுகிறவர், பக்கவாத்தியம் வாசிக்கிறவர் எல்லாரையும் டெல்டாவின் நெல் தாங்கியது. வயலும் குளமும் வீதியும் கலையும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றைப் பிரித்து எடுத்துக் காட்சிப்பொருளாக வைக்கிறபோது மற்றவை பார்வையிலிருந்து நழுவுகின்றன.

மேல வீதியோடு கதை முடியவும் இல்லை. வடவாற்றுக்கு அப்பால் கரந்தையில் 1911இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இன்றும் இயங்குகிறது. தமிழிசையின் அடிப்படைகளை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டியது இந்த ஊரில்தான். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகிற மாணவனுக்கு அவர் யார் என்று சொல்ல, சாலையோரத்தில் நான்கு வரி எழுதிய ஒரு கல் போதும்.

யார் கண்டுபிடித்தது?

மறைவான இடங்களைப் பற்றிப் பேசும்போது எழ வேண்டிய கேள்வி, அவை யாருக்கு மறைவானவை என்பது. 1540களில் பெத்ருஸ் கில்லியுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இஸ்தான்புல் நகரில் பழைய பைசாந்திய நீர்த்தொட்டியைத் தேடினார். வீட்டுத் தரையில் ஓட்டை போட்டு வாளியை இறக்கி நீர் மொண்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. சிலர் அதே ஓட்டை வழியாக மீனும் பிடித்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து போய்த்தான் 336 தூண்கள் தாங்கும் அந்த நிலத்தடித் தொட்டியை அவர் கண்டார். அறிஞர் உலகத்துக்கு அது கண்டுபிடிப்பு. அந்தக் குடும்பங்களுக்கு அது வீட்டுக் கிணறு.

தஞ்சையிலும் நிலைமை அதுவே. பீரங்கி மேடு எங்கே என்று கீழவாசலில் எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். வடவாற்றங்கரையில் மராட்டிய அரச குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கும் ராஜா கோரிக்கு வழி, கரந்தைக்காரர்களுக்குத் தெரியும். எந்தத் தெருவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பது அங்கே நெடுநாள் குடியிருக்கும் வீடுகளுக்குத் தெரியும். இந்த அறிவு எழுத்தில் ஏறாமல் இருப்பதுதான் உண்மையான இழப்பு. காணொளி எடுப்பவர் இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். அந்த இடத்தை இத்தனை நாள் நினைவில் வைத்திருந்தவர் படத்தில் வருவதில்லை.

எழுத்தில் ஏறியதும் இந்த ஊரில் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிகளோடு, மராட்டியர் நிர்வாகம் மோடி எழுத்தில் எழுதிய ஆவணக் கட்டுகளும் உண்டு. அரண்மனைச் செலவு முதல் அன்றாட நிர்வாகம் வரை அவற்றில் பதிவாகியிருக்கிறது. 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. மோடி எழுத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். பெரிய கோயில் திருச்சுற்றில் 1803இல் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த மராட்டிய மொழிக் கல்வெட்டு, போன்சலே வம்சத்தின் வரலாற்றை நெடுகச் சொல்கிறது. அதைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள். மறைவு என்பது எப்போதும் மண்ணுக்கடியில் இருப்பதில்லை. வெயிலில், கண்மட்டத்தில் இருக்கும் ஒன்றைப் படிக்க ஆளில்லாமல் போனாலும் அது மறைவுதான்.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. இடங்களை வெளிச்சம்போட்டுக் காட்டினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் சேதம் வரும். தெரியாமல் இருந்ததால்தானே இத்தனை நாள் பிழைத்தன என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்குப் பெரிய கோயிலே பதில் வைத்திருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய உள் நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டார். அதற்கு மேல் தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81 சிற்பங்களாக வடிக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27க்கு இடம் விட்ட கற்கள் அப்படியே நிற்கின்றன. இரண்டு இடத்துக்கும் பொதுமக்கள் போக முடியாது. குறுகலான அந்த நடையில் நாளுக்குப் பல்லாயிரம் பேரின் மூச்சும் வியர்வையும் விரல்களும் பட்டால் ஓவியம் தாங்காது. ஆகவே மூடிவைத்தது சரி. கோயில் வளாகத்திலேயே படங்களை வைத்து விளக்கும் கூடம் இருப்பதும் சரி. தெரியப்படுத்துவதும் திறந்துவிடுவதும் வேறு வேறு வேலைகள். ஓவியத்துக்கு அறிவு போதும். குளத்துக்குக் காலடிகள் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எது தேவை என்று பிரித்துப் பார்ப்பதே பாதுகாப்பின் முதல் பாடம். தெரியாமல் இருந்ததால் பிழைத்தவை சில என்றால், தெரியாமல் இருந்ததாலேயே தூர்ந்தும் இடிந்தும் போனவை அதைவிட அதிகம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அகழியை மீட்கிறோம், கோட்டைச் சுவரை மீட்கிறோம் என்ற பெயரில் முதலில் வெளியேற்றப்படுவது கரையோரத்து ஏழைகள்தானே? இதை மழுப்பக் கூடாது. மேல அலங்கத்திலும் வடக்கு அலங்கத்திலும் அகழிக்கரையை ஒட்டி வாழ்பவர்கள், ஊருக்கு நடுவே வேலை தேடிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அது என்பதால் அங்கே வாழ்கிறார்கள். மாற்றுவீடு ஊருக்கு வெளியே கிடைத்தால் கூரை கிடைக்கும், கூலி போய்விடும். பழமையைக் காக்கும் ஆர்வம் அவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், மக்கள் பார்வையில் பழமையே பகையாகிவிடும். நீர்வழி மீட்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பொதுக்கட்டடங்களும் வணிக வளாகங்களும் வடிகாலை மறித்த இடங்களில் தொடங்கட்டும். கரையோரக் குடும்பங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்றிடம் கொடுத்தபிறகே அடுத்த அடி வைக்கட்டும். அந்தக் குடும்பங்களிலிருந்தே குளக்காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆள் எடுக்கட்டும்.

மூன்றாவதாக, இருக்கிற சாக்கடையையே சரிசெய்யப் பணமில்லாத நகராட்சிகள் உள்ள நாட்டில் பழங்குளத்துக்கும் பீரங்கிக்கும் செலவு செய்யலாமா என்று கேட்கப்படுகிறது. நீர்வழியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழக் கூடாது. மழைநீரைக் கொண்டுபோகும் பழைய வழியைத் திறப்பது வடிகால் வேலைதான். மற்ற இடங்களைப் பொறுத்தவரை, தஞ்சை மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ராமேசுவரம் போகிற வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். யாத்திரிகர்களுக்கு உணவும் பிள்ளைகளுக்குக் கல்வியும் அவற்றில் கிடைத்ததைச் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் விவரிக்கிறது. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பின்னாளில் கல்விக்கும் மாணவர் விடுதிக்கும் பயன்பட்டது. ஆள் புழங்கிய வரை ஒழுகினால் ஓடு மாற்றப்பட்டது. ஆள் நீங்கியதும் ஆலஞ்செடி சுவரைப் பிளக்கத் தொடங்கிவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குத்தான் பழுது சீக்கிரம் வரும் என்பது வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பயன்பாடே மலிவான பராமரிப்பு.

பெட்டிச் செய்தி: தேடிப் போகத் தக்கவை

• ராஜகோபால பீரங்கி, கீழவாசல்: ரகுநாத நாயக்கர் காலம். சுமார் 26 அடி நீளம். வார்த்து எடுத்ததல்ல, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்தது. ஐஐடி கான்பூர் உலோகவியலாளர் ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்திருக்கிறார்.
• ஷ்வார்ட்ஸ் தேவாலயம், சிவகங்கைப் பூங்கா அருகே: 1779. மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் ஷ்வார்ட்ஸைச் சரபோஜி பார்க்க வந்த காட்சி, ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல்லில்.
• மேல வீதி: பங்காரு காமாட்சி கோயில், கொங்கணேஸ்வரர் கோயில், மூலை அனுமார் கோயில், அய்யன்குளம்.
• தஞ்சை மாமணிக் கோயில், வெண்ணாற்றங்கரை: மூன்று கோயில்கள் சேர்ந்து ஒரே திவ்யதேசம்.
• ராஜா கோரி, வடவாற்றங்கரை: மராட்டிய அரச குடும்பத்தாரின் சமாதிகள்.
• சரஸ்வதி மகால் நூலகம், அரண்மனை வளாகம்: 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இனி செய்ய வேண்டியது

சென்னை இந்த வழியில் ஏற்கெனவே சில அடிகள் நடந்திருக்கிறது. எஸ். முத்தையா 1981இல் அந்நகரைப் பற்றிய தம் புத்தகத்தை வெளியிட்டார். 2004 முதல் ஆகஸ்டில் 'மெட்ராஸ் தினம்' கொண்டாடப்படுகிறது. அதையொட்டி ஊர் மக்களே தெருத் தெருவாக நடந்து வரலாறு சொல்கிறார்கள். அதனால் எல்லாக் கட்டடமும் பிழைத்துவிடவில்லை. ஆனால் ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்க ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. தஞ்சையில் ராஜராஜன் சதய விழா ஆண்டுதோறும் சிறப்பாக நடக்கிறது. அந்த விழாவின் ஒரு நாளை ஊருக்குள் நடப்பதற்கு ஒதுக்கலாம். ஏரியில் தொடங்கி, சிவகங்கைக் குளம், அய்யன்குளம், அகழி, வடவாறு என்று நீர் போன திசையில் மாணவர்கள் நடக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தத் தெருக்காரர் ஒருவர் பேசட்டும்.

மாநகராட்சியின் பங்கு இன்னும் பெரிது. வார்டுதோறும் குளம், கிணறு, நீர்வழி, பழைய வீடு, சமாதி என்று ஒரு பதிவேடு வேண்டும். கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். பதிவேட்டில் உள்ள நீர்வழியின் மேல் எழும்பும் எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கூடாது. மோடி எழுத்தைப் படிக்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகை வேண்டும். நிலத்தடி வழிகள் பற்றிய அடுத்த தடயம் அந்தக் கட்டுகளுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மிஞ்சியிருக்கும் இடத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12 நெருங்கும்போது மேட்டூர் திறக்குமா என்று டெல்டா முழுவதும் கேட்கிறது. காவிரிக்காகக் கர்நாடகத்தோடும் மழையோடும் போராடும் மண்ணின் தலைநகரம், தன் தெருவில் விழும் மழையைத் தேக்க முன்னோர் போட்ட வழியை மண்மூடிக் கிடக்க விடுவது நியாயமில்லை. ஒரு குளத்தில் அந்த வழி திரும்பக் கிடைத்திருக்கிறது. தொழில்நுட்பம் புரிந்துவிட்டது, ஊர் மக்கள் வரவேற்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. மிச்சக் குளங்களுக்கும், அவற்றுக்கெல்லாம் தாயான ஏரிக்கும் அதைச் செய்து முடிக்க வேண்டிய பொறுப்பு மாநகராட்சிக்கு; செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பொறுப்பு தஞ்சாவூர்க்காரர்களுக்கு.